உதடு, அண்ணப் பிளவுடன் பிறந்த குழந்தைக்குப் பாலூட்டும் முறை

அண்மையில் எங்கள் பிரிவுக்கு ஒரு குழந்தை வந்தது. பிறந்து 24 நாள் ஆகியிருந்தது. உதட்டிலும் மேல் அண்ணத்திலும் பிளவு இருந்தது. பிறந்தபோது 2.8 கிலோ இருந்த எடை அன்று 2.45 கிலோவாகக் குறைந்திருந்தது. தாய் கண் கலங்கியபடி, "நாள் முழுக்க மடியிலேயே வச்சுப் பால் கொடுத்துக்கிட்டேதான் இருக்கேன், டாக்டர். ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகுது. அப்புறமும் அழுறான்" என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை, முயற்சியிலும் குறையில்லை. ஒன்றரை மணி நேரம் மார்பில் கிடந்தும் குழந்தையின் வயிற்றுக்குள் பால் போகவில்லை என்பதுதான் சிக்கல். இதைக் கண்டறியும் முறையையும், கண்டறிந்தபின் செய்ய வேண்டியதையும், இத்தகைய குழந்தையைப் பெற்ற ஒவ்வொரு குடும்பமும் முதல் நாளிலேயே அறிந்திருக்க வேண்டும். அதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

யாருடைய குற்றமும் அன்று

உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒரு குழந்தை உதட்டுப் பிளவுடனோ, அண்ணப் பிளவுடனோ, இரண்டும் சேர்ந்தோ பிறக்கிறது. கருவில் 4 முதல் 7 வாரங்களுக்குள் உதடும், 6 முதல் 9 வாரங்களுக்குள் அண்ணமும் இரு பக்கங்களிலிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் இணைகின்றன. அவ்விணைப்பு முழுமை பெறாவிட்டால் பிளவு நின்றுவிடுகிறது. தாம் கருவுற்றிருப்பதைப் பல தாய்மார்கள் உணர்வதற்கு முன்பே இது நிகழ்ந்து முடிந்துவிடுகிறது.

கிரகணத்தின்போது வெளியே வந்ததாலோ, அன்று கத்தியைத் தொட்டதாலோ, காய் நறுக்கியதாலோ பிளவு ஏற்படுவதில்லை. மரபுக்கூறுகளும் கருவைச் சூழ்ந்த வேறு பல காரணங்களும் சேர்ந்தே இது உண்டாகிறது. பெரும்பாலான குழந்தைகளில் இதுதான் காரணம் என ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாது. ஆகவே, தாயைக் குறை கூறுவதை வீட்டில் உள்ளோர் முதலில் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மனம் நொந்த தாய்க்குப் பால் சுரப்பது தடைப்படும். அப்பால்தான் இக்குழந்தைக்கு முதல் மருந்து.

குழந்தையால் விழுங்க முடியும், உறிஞ்சத்தான் முடியாது

பக்கவாட்டில் ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலைக் கொண்டு இளநீர் பருகிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எவ்வளவு இழுத்தாலும் காற்றுதான் வரும், இளநீர் மேலே ஏறாது. குழந்தை பால் குடிக்கும்போது உதடுகள் முன்புறத்தை மூடுகின்றன. மேல் அண்ணம் வாயையும் மூக்கையும் பிரித்து மேற்புறத்தை மூடுகிறது. மூடிய அறை போன்ற அந்த வாயில் நாக்கும் தாடையும் கீழிறங்கும்போது உறிஞ்சும் விசை பிறக்கிறது. அண்ணத்தில் பிளவு இருந்தால் வாயும் மூக்கும் ஒரே அறையாகிவிடுகின்றன. அந்த அறையில் உறிஞ்சும் விசை உண்டாவதில்லை.

உதட்டில் மட்டும் பிளவுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் தாயின் மார்பிலேயே நன்கு பால் குடிப்பர். மார்பின் மென்மையான சதையே அப்பிளவை நிரப்பிவிடும். தேவைப்பட்டால் தாய் தம் விரலால் இடைவெளியை மெல்ல மூடிக்கொள்ளலாம். அண்ணத்தில் பிளவுள்ள குழந்தையின் நிலை வேறு. அது வாயை அசைக்கும், சப்பும், தாடையை ஆட்டும். பார்ப்பவர்களுக்குப் பால் குடிப்பது போலவே தோன்றும். ஆனால் வாய்க்குள் வருவது மிகச் சிறிதளவே. முன்னர்க் கூறிய குழந்தைக்கு நேர்ந்ததும் இதுவே.

ஆயினும் இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு விழுங்கும் திறன் குறைவின்றி இருக்கிறது. ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான். குழந்தை உறிஞ்சி எடுக்கும் என்று காத்திராமல், பாலை நாமே வாய்க்குள் சேர்க்க வேண்டும். விழுங்கும் வேலையைக் குழந்தை பார்த்துக்கொள்ளும்.

உதடு முழுமையாக இருந்து அண்ணத்தில் மட்டும் பிளவு இருந்தால், வெளியிலிருந்து பார்க்கும்போது எதுவும் தெரியாது. பால் குடிக்க நெடுநேரம் எடுத்துக்கொள்ளும் குழந்தைக்கும், மூக்கு வழியே பால் வரும் குழந்தைக்கும் வாயைத் திறந்து விளக்கொளியில் அண்ணத்தைப் பார்க்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.

பாலாடையைப் பயன்படுத்தும் முறை

நம் வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்கிவந்த பாலாடையே இதற்கு மிகவும் உகந்த கருவி. ஒரு பக்கம் அலகு போல் நீண்டிருக்கும் அச்சிறு கிண்ணத்தைப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இன்றும் அன்றாடம் பயன்படுத்துகிறோம். மேற்சொன்ன குழந்தையின் பாட்டியிடம் நாங்கள் பாலாடையைக் கொடுத்தபோது, "இதை நான் மறந்தே போனேனே! என் பிள்ளைங்க நாலு பேருக்கும் இதுலதானே புகட்டினேன்" என்றார். அன்று மாலைக்குள் அந்த அறையில் இருந்த மற்றத் தாய்மார்களுக்கும் அவரே கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

முறை இதுதான்:

1. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பாலாடையைச் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவி, கொதிநீரில் 10 நிமிடம் போட்டு எடுங்கள்.

2. குழந்தை விழித்திருக்க வேண்டும். தூங்கும் குழந்தைக்கோ வீறிட்டு அழும் குழந்தைக்கோ புகட்டக் கூடாது.

3. குழந்தையைத் துணியில் சுற்றி, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு மடியில் சாய்த்து உட்கார வையுங்கள். தலை வயிற்றைவிட நன்கு உயர்ந்திருக்க வேண்டும். படுக்க வைத்துப் புகட்டவே கூடாது.

4. அளந்த பாலைப் பாலாடையில் பாதியளவு எடுத்து, அதன் முனையைக் கீழுதட்டின் மேல், பிளவில்லாத பக்கத்துக் கன்னத்தை நோக்கி வையுங்கள். சிறிது சாய்த்துக் கொஞ்சமாகப் பால் விடுங்கள். தொண்டையை நோக்கி ஊற்றாதீர்கள்.

5. குழந்தை விழுங்கியதைப் பார்த்த பின்னரே அடுத்த வாய்ப் பாலைக் கொடுங்கள். வேகத்தைத் தீர்மானிப்பது குழந்தையாக இருக்கட்டும்.

6. இக்குழந்தைகள் பாலுடன் காற்றையும் நிறைய விழுங்கும். ஆகவே இடையில் இரண்டு மூன்று முறையும், முடிந்த பின் ஒரு முறையும் தோளில் சாய்த்து முதுகை நீவி ஏப்பம் விடச் செய்யுங்கள்.

7. ஒரு வேளைப் பாலை 30 நிமிடத்திற்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் நீடித்தால், குடித்த பாலில் கிடைத்த ஆற்றலைக் குடிக்கும் உழைப்பிலேயே குழந்தை செலவழித்துவிடும்.

அழுத்தினால் பால் வரும் மென்மையான புட்டிகளும் உள்ளன. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் அடைப்பான் பொருத்திய சிறப்புப் புட்டியை 1980களில் உருவாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மேண்டி ஹேபர்மன். அவர் மருத்துவர் அல்லர், பால் குடிக்க இயலாத ஒரு குழந்தையின் தாய். இத்தகைய புட்டிகள் கிடைத்தால் எங்களிடம் காட்டிப் பயன்படுத்துங்கள். சாதாரணப் புட்டியின் காம்பில் ஊசியாலோ பிளேடாலோ நீங்களாகவே துளையைப் பெரிதாக்காதீர்கள். பால் திடீரெனப் பாய்ந்து குழந்தைக்குப் புரையேறும். அண்ணத்தை மூடும் தட்டு செய்து பொருத்துவதும் சில இடங்களில் வழக்கம். அது இல்லாமலேயே பெரும்பாலான குழந்தைகள் நன்கு வளர்கின்றன.

எந்தப் பால்? எவ்வளவு?

தாய்ப்பாலே சிறந்தது. குழந்தை உறிஞ்சாததால் மார்பு காலியாவதில்லை, மார்பு காலியாகாவிட்டால் சுரப்பு சில நாட்களில் குறைந்துவிடும். எனவே பிரசவமான முதல் சில மணி நேரத்திலிருந்தே கையாலோ கருவியாலோ பாலைப் பீய்ச்சத் தொடங்குங்கள். இரவில் ஒரு முறையேனும் உட்பட நாளொன்றுக்கு 8 முறை பீய்ச்சுங்கள். முதல் நாட்களில் வரும் சீம்பால் சில சொட்டுகளே ஆயினும் அதை வீணாக்காதீர்கள். புகட்டுவதற்கு முன் சிறிது நேரம் குழந்தையை மார்பில் அணைத்து வைத்திருங்கள். அது பசியாற்றுவதற்கன்று. தாயின் சூட்டில் குழந்தை அமைதியடையும், தாய்க்கும் பால் நன்கு சுரக்கும்.

பீய்ச்சிய பாலைக் கொதிநீரில் சுத்தம் செய்த மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். அறையில் வைத்தால் 4 மணி நேரத்திற்குள்ளும், குளிர்சாதனப் பெட்டியின் உட்பகுதியில் வைத்தால் 24 மணி நேரத்திற்குள்ளும் கொடுத்துவிடுங்கள். குளிர்ந்த பாலை அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம். வெந்நீர்க் கிண்ணத்திற்குள் பாத்திரத்தை வைத்தாலே போதும்.

தாய்ப்பால் போதவில்லை எனில், தாய்ப்பால் வங்கியிலிருந்து பெற முடியுமா என்று பார்க்கிறோம். அதற்கும் வழியில்லாதபோதுதான் பால்மாவு பரிந்துரைக்கிறோம். டப்பாவில் குறித்துள்ள அளவுப்படியே கலக்குங்கள். மிச்சப்படுத்துவதாக எண்ணித் தண்ணீரைக் கூட்டினால் வயிறு நிறையும், எடை கூடாது.

முதல் நாளில் கிலோவுக்கு 60 மில்லி என்ற அளவில் தொடங்கி, முதல் வார இறுதிக்குள் கிலோவுக்கு 150 மில்லி வரை கூட்டுவது வழக்கம். அதாவது 3 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 450 மில்லி தேவை. 10 வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 45 மில்லி ஆகும். 8 வேளையாகப் பிரித்தால் ஏறத்தாழ 55 மில்லி. உங்கள் குழந்தைக்குரிய அளவை அட்டையில் எழுதித் தருவோம். எடை கூடக் கூட அளவும் கூடும்.

தராசுதான் சாட்சி

குழந்தை போதிய பால் குடித்ததா என்பதை அழுகையைக் கொண்டோ, உறக்கத்தைக் கொண்டோ முடிவு செய்ய இயலாது. பசியால் சோர்ந்த குழந்தையும் தூங்கும். நம்பத்தகுந்த அடையாளங்கள் இரண்டே. முதல் வாரத்திற்குப் பின் நாளொன்றுக்கு 6 முறையேனும் சிறுநீர் கழிய வேண்டும். வாரந்தோறும் எடை கூட வேண்டும்.

எல்லாக் குழந்தைகளும் பிறந்த முதல் சில நாட்களில் சிறிது எடை இழக்கும். அது 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை, அதாவது வாரத்திற்கு 140 முதல் 210 கிராம் வரை கூட வேண்டும்.

நாங்கள் எடையை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. உதட்டு அறுவைச் சிகிச்சைக்கு முன் குழந்தைக்கு 10 வாரம் வயது, 10 பவுண்டு அதாவது ஏறத்தாழ 4.5 கிலோ எடை, 10 கிராம் ஹீமோகுளோபின் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவுகோல். 3 கிலோவுடன் பிறந்து, இரண்டு வாரத்தில் அதே எடைக்குத் திரும்பிய குழந்தை வாரம் 175 கிராம் கூடினால், அடுத்த எட்டு வாரத்தில் 1.4 கிலோ சேரும். பத்தாம் வாரத்தில் 4.4 கிலோ ஆகியிருக்கும். தடையின்றி வளரும் குழந்தையே அந்த அளவை ஒட்டித்தான் வந்து சேர்கிறது. முதல் மாதம் வீணானால் அறுவைச் சிகிச்சையும் அவ்வளவு தள்ளிப்போகும்.

பொதுவாக உதட்டுப் பிளவை 3 முதல் 6 மாதத்திற்குள்ளும், அண்ணப் பிளவை 9 முதல் 18 மாதத்திற்குள்ளும் சரிசெய்கிறோம். பேச்சு உருவாகும் பருவத்திற்கு முன் அண்ணம் மூடப்பட வேண்டும். அது தள்ளிப்போனால், மூக்கால் ஒலிக்கும் பேச்சைப் பின்னர்த் திருத்துவது கடினமாகும். இன்று நீங்கள் அளந்து புகட்டும் பாலில் நாளை குழந்தை பேசப்போகும் பேச்சும் அடங்கியிருக்கிறது.

மூக்கு வழியே பால் வந்தால்

அஞ்ச வேண்டாம். வாய்க்கும் மூக்குக்கும் இடையே தடுப்பு இல்லாததால் அவ்வாறு வருகிறது. புகட்டுவதை நிறுத்தி, குழந்தை தும்மவோ இருமவோ இடம் கொடுங்கள். மூக்கைத் துணியால் துடைத்துவிட்டு, சற்று நிமிர்த்தி வைத்து மீண்டும் மெதுவாகத் தொடருங்கள். நிமிர்ந்த நிலையில் புகட்டினால் இது பெருமளவு குறையும். நடுச்செவிக்குள் பால் செல்வதையும் அந்நிலை குறைக்கும். அண்ணப் பிளவுள்ள குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவது மிகுதி. ஆகவே செவிப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். பால் கொடுத்த பின், கொதித்து ஆறிய நீரில் நனைத்த மென்மையான துணியால் பிளவின் ஓரங்களில் தங்கிய பாலைத் துடைத்துவிடுங்கள்.

மூக்கில் பால் வந்தவுடன் தொக்கம் எடுக்கவோ, மூக்கில் ஊதவோ, எண்ணெய் விடவோ கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றால் கடுமையான நிமோனியா உண்டாகும். சேனை வைப்பதும், தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் கொடுப்பதும் எக்குழந்தைக்கும் ஆகா. பாலுக்கு இடமில்லாமல் தவிக்கும் இக்குழந்தைக்கு அவை இரட்டைக் கேடு.

ஆறு மாதத்திற்குப் பின்

அண்ணம் இன்னும் மூடப்படவில்லை என்பதற்காக இணை உணவைத் தள்ளிப்போட வேண்டாம். 6 மாதம் முடிந்ததும் நெய் சேர்த்து மசித்த பருப்புச் சோறு, கெட்டியான கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம் ஆகியவற்றை உட்கார வைத்துச் சிறு கரண்டியால் ஊட்டுங்கள். நீர்த்த கஞ்சி மூக்கில் எளிதாக ஏறும், கெட்டியான உணவு அவ்வளவாக ஏறாது. ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் இரும்புச்சத்து மருந்து தருவோம். அதை இடைவிடாமல் கொடுங்கள்.

அறுவைச் சிகிச்சையன்று எத்தனை மணி முதல் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்பதை மயக்க மருத்துவர் சொல்வார். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரமும் மற்றப் பாலுக்கு 6 மணி நேரமும் இடைவெளி விடுவது பொதுவான வழக்கம். குழந்தை அழுகிறதே என்று ஒளித்துக் கொடுத்துவிடாதீர்கள், மயக்க நிலையில் அது நுரையீரலுக்குள் செல்லக்கூடும். அண்ண அறுவைக்குப் பின் சில வாரங்களுக்கு நீர்த்த, மென்மையான உணவு மட்டுமே தர வேண்டும். கரண்டியை வாய்க்குள் ஆழமாக விடக் கூடாது. பிஸ்கட், முறுக்கு போன்றவற்றைக் கையில் கொடுக்கக் கூடாது.

உடனே வர வேண்டிய வேளைகள்

பால் குடிக்கும்போது குழந்தை நீலம் பாரித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, ஒவ்வொரு வாய்க்கும் புரையேறினாலோ, காய்ச்சல் கண்டாலோ, எழுப்பினாலும் விழிக்காமல் சோர்ந்திருந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, ஒரு நாளில் 6 முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ காத்திருக்க வேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். கீழ்த்தாடை மிகச் சிறிதாகவும் நாக்கு பின்னோக்கி விழுந்தும் உள்ள குழந்தைக்கு மூச்சு அடைபடக்கூடும். அதற்குப் பாலாடையால் புகட்டலாமா என்பதை எங்களைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

பிளவுடன் பிறந்த குழந்தைகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்பும் பொறுப்பு, 2013 முதல் நடைமுறையில் உள்ள தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்திற்கு உண்டு. உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொன்னால் மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்திற்கு வழிகாட்டுவார். வாராந்திர எடையை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக் குறித்து வரலாம். இரு வாரங்கள் தொடர்ந்து எடை கூடவில்லை எனில் அடுத்த சந்திப்பு நாளுக்காகக் காத்திராமல் எங்களிடம் வந்துவிடுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன குழந்தை ஐந்து நாள் எங்களிடம் இருந்தது. தாய் பீய்ச்சிய பாலைப் பாட்டி பாலாடையில் புகட்டினார். ஒரு வேளைக்கு 20 நிமிடமே ஆயிற்று. வீடு திரும்பியபோது எடை 120 கிராம் கூடியிருந்தது. அடுத்த முறை வந்தபோது பிறந்த எடையைத் தாண்டியிருந்தது. தாய் முதலில் காட்டியது குழந்தையை அன்று, வாரந்தோறும் எடை குறித்த அட்டையைத்தான். அதில் எண்கள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கூடியிருந்தன. உதட்டு அறுவைச் சிகிச்சைக்கான நாளையும் அந்த அட்டையிலேயே குறித்துக் கொடுத்தோம்.